சமக்குறி

அத்தியாயம் 17

வழக்கு புதன்கிழமை. கோர்ட்டிலிருந்து கடிதம் வந்த அன்று அக்கா அதைத் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து, "வருவேல்ல?" என்று கேட்டாள். இவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதென்ன கேள்விக்கா!" என்றான். போன வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கும் ஒன்றும் குடி முழுகிப் போய்விடவில்லை. விஷயம் இவ்வளவுதான். இரண்டு வருடம் முன்பு, ஒரு மழை நாள் சாயங்காலம், பல் டாக்டர் தன் மனைவியைப் பால்கனியில் நிறுத்திக் கண்ணாடிக் கதவை உள்பக்கம் தாழ் போட்டார். போட்டுவிட்டு டிவி பார்த்தார். மனைவியின் தம்பி வந்து தாழ்ப்பாளைத் திறந்தான். அன்றைக்கு, உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வந்த அக்கா திரும்பிப் போகவில்லை. நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் தம்பி. வக்கீல் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்கதான் சார் எங்க பலம்" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். பிடித்த கையை அவன் எவ்வளவு சீக்கிரம் உருவிக்கொள்கிறான் என்பதை வக்கீல் கவனித்ததில்லை.

புதனுக்கு முன்னால் ஞாயிறு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நகரக் குழுச் சதுரங்கத்தின் கடைசிச் சுற்று. எதிர் அணியில் இரண்டாம் பலகைக்கு ஆடுகிறவர் பல் டாக்டர். நம் அணியில் இரண்டாம் பலகை தம்பி. ஒரே எண் பலகைக்காரர்கள்தான் மோதிக்கொள்வார்கள்.

"மாத்தி உட்காரவும் முடியாதா?" என்று கேட்டாள் தம்பியின் மனைவி. அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமையும் அவள் கை எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கும்.

"பட்டியல் ஆரம்பத்துலேயே கொடுத்தாச்சு. மாத்தக்கூடாது."

"அப்ப சரி. இன்னிக்காவது உங்க சுவத்துல ஒரு ஜன்னல் வைங்க."

சதுரங்கச் சங்கத்தில் அவனுக்குச் 'சுவரு' என்று பெயர். வெள்ளைக் காய் ஆடுகிறவர் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் இவன் பதிலுக்கு சி வரிசைச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம், பூட்டியிருக்கிறதா என்று கதவைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, மெல்லத் தள்ளுவான். காரோ-கான் தற்காப்பு. இருபது வருடமாக வேறு எதையும் ஆடியதில்லை. அழகில்லாத ஆட்டம், ஆனால் லேசில் உடையாது. சிப்பாய்கள் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து நிற்கும், எதிராளி முட்டிப் பார்த்து அலுத்துப் போவார், நாலு மணி நேரம் கழித்து யாராவது ஒருவர் "டிரா?" என்பார். பாதிப் புள்ளியோடு இவன் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குவான். பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். கம்பி அறுந்தாலும் பெட்டி விழக்கூடாது என்பதுதான் அவன் தொழில். ஆட்டத்திலும் அதே புத்தி.

மண்டபத்துக்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவில், அக்கா அவனை ஓரமாகக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறவள். யாருடைய கிறுக்கல் கையெழுத்தையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். இந்த அணிக்குக் கேப்டனும் அவள்தான்.

"கோப்பை கிடைக்குதோ இல்லையோ, எனக்கு அதைப் பத்தி ஒண்ணுமில்லடா. நீ தோத்தாலும் பரவாயில்லை. ஆனா அந்தாளோட டிரா மட்டும் பண்ணாதே."

"சரிக்கா."

"ரெண்டு வருஷமா எல்லாரும் எங்க ரெண்டு பேர் மேலயும் தப்புங்கறாங்க. பாதி அவருக்கு, பாதி எனக்கு. கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. நீயாவது பாதி கொடுக்காம எழுந்து வா."

"ஆடி முடிச்சுட்டுதான் எழுந்திருப்பேன். சத்தியமா."

அவள் சத்தியம் செய்யச் சொல்லவே இல்லை, அவனாகத்தான் செய்தான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பலகைக்கு எதிரில் டாக்டர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. தன் குதிரைகள் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும்படி விரல் நுனியால் திருப்பிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவே பயப்படுகிற குழந்தைகள்கூட அவர் குரலைக் கேட்டால் திறந்துவிடும் என்பார்கள். அது உண்மைதான். அவ்வளவு மெதுவான, நல்ல குரல்.

"வாங்க மாப்பிள்ளை. உடம்பெல்லாம் எப்படி?"

"நல்லாருக்கேன், அத்தான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இரண்டு மேஜை தள்ளி அக்கா தலையை நிமிர்த்தாமல் பேனா மூடியைக் கழற்றினாள். கேட்டிருக்காது என்று அவன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

டாக்டர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "புதன்கிழமையும் பார்க்கறோம் இல்ல? நல்லா யோசிச்சுட்டு வாங்க. எல்லாத்தையும் சொல்லணும். எத்தனை மணிக்கு வந்தீங்கங்கறதையும் சேர்த்து."

லேசாகத்தான் வலிக்கும் என்று ஊசியைக் காட்டும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. நடுவர் கடிகாரங்களைத் தொடங்கச் சொன்னார். தம்பி கை கொடுத்தான். உள்ளங்கை வேர்த்திருந்தது, அவனுடையதுதான்.

ஒளித்து வைப்பானேன், சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் தம்பி அன்றைக்கு ஆறு நாற்பதுக்கு வந்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அவன் முதலில் வந்தது ஆறு பத்துக்கு.

மணியடித்தான். டாக்டர் கதவை ஒரு சாண் திறந்தார். அவர் தோளுக்குப் பின்னால் கூடம். கூடத்துக்கு அப்பால் கண்ணாடிக் கதவு. கண்ணாடியில் ஒரு உள்ளங்கை பதிந்து, வழுக்கி, மறுபடி பதிந்தது. மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. "சின்னக் கோபம் மாப்பிள்ளை, குடும்பம்னா இருக்கறதுதானே. நீங்க ஒரு அரை மணி கழிச்சு வாங்களேன், சரியாயிடும்" என்றார் டாக்டர். இவன் என்ன செய்தான்? "சரி அத்தான்" என்றான். சொல்லிவிட்டுப் படியிறங்கி, எதிர்ச் சாரி டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தான். சண்டை வேண்டாம், பெரிதாக்க வேண்டாம், தானே அடங்கும் என்று இரண்டு டீ குடித்தான். அரை மணி என்றால் சரியாக அரை மணி. பிறகு மேலே போய்த் தாழ்ப்பாளைத் திறந்தான். அக்கா பல் கிட்டித்துப்போய் அவன் மேல் சாய்ந்தாள். அன்றிலிருந்து அவன்தான் 'காப்பாற்றின தம்பி'. உறவுக்காரர்கள் அதைச் சொல்லி அவன் முதுகில் தட்டும்போதெல்லாம் அவனுக்கு அந்த இரண்டாவது டீ நெஞ்சுக்குள் வந்து நிற்கும்.

தம்பி கணக்கில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் இப்போது ஒரே பலகையின் இரண்டு பக்கத்தில் இருந்தார்கள்.

டாக்டர் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். தம்பி சி வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். டாக்டர் மூன்றாவது நகர்விலேயே நடுச் சிப்பாயை முன்னேற்றி இடத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் சுபாவம் அப்படி. தம்பி தன் பிஷப்பை முதலில் வெளியே அனுப்பிவிட்டு அப்புறம் கதவைச் சாத்தினான். காரோ-கான் ஆடுகிறவர்களுக்கு அது பாலபாடம்.

மூன்று மணி நேரத்தில் ராணிகள் போயின, யானைகள் போயின. பார்த்தால் நிலைமை அவனுக்கே நம்பமுடியாததாக இருந்தது. டாக்டரின் சிப்பாய்கள் அத்தனையும் கறுப்புக் கட்டங்களில் சிக்கியிருந்தன. அவரிடம் மிஞ்சியதும் கறுப்புக் கட்டத்துப் பிஷப். தன் சிப்பாய்களே வழியை அடைக்க, அது மூலையில் முட்டிக்கொண்டு நின்றது. தம்பியிடம் துள்ளுகிற குதிரை ஒன்று, கூடுதலாக ஒரு சிப்பாய். கடிகாரத்தில் இவனுக்குப் பதினோரு நிமிடம். அவருக்கு நாலு.

மற்ற மூன்று பலகைகளும் முடிந்திருந்தன. முதல் பலகை டெய்லர் டிரா. மூன்றாம் பலகை தோல்வி. நாலாம் பலகையில் அக்கா ஜெயித்துவிட்டாள். ஒன்றரைக்கு ஒன்றரை. இந்தப் பலகை ஜெயித்தால் கோப்பை. டிரா என்றால் மொத்தப் புள்ளியில் எதிரணிக்கு. அக்கா கொஞ்ச நேரம் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தாள். மகளிடமிருந்து ஃபோன் வந்ததும் வெளியே போனாள். போகும்போது அவள் முகத்தில் இருந்ததைத் தம்பி ஓரக்கண்ணால் பார்த்தான். சிரிப்புகூட இல்லை, சிரிக்கலாமா என்று யோசிக்கிற முகம். இரண்டு வருடமாக அவன் அதைப் பார்க்கவில்லை.

நாற்பத்தொன்றாவது நகர்வு. குதிரையை எஃப் ஐந்தாம் கட்டத்தில் வைத்தால் நடுச் சிப்பாய் விழும். அது விழுந்தால் மற்றதெல்லாம் உதிரும். சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற நகர்வு.

டாக்டர் நிமிர்ந்தார். தன் கைக்கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். மேஜை மேல் போட்டிக் கடிகாரம் இருக்க, கைக்கடிகாரத்தை ஏன் பார்க்க வேண்டும்?

தோற்றால் இந்த மனுஷன் சும்மா இருக்கமாட்டான். தம்பியின் மண்டைக்குள் வேறொன்றும் ஓடவில்லை. சொல்லிவிடுவான். இங்கேயே, கை குலுக்கும்போது, அக்கா காதில் விழும்படி சொல்லிவிடுவான்.

குதிரையை எஃப் ஐந்தில் வைத்தான். "டிரா?" என்றான், தனக்கே கேட்காத குரலில். கடிகாரத்தை அமுக்கினான்.

டாக்டர் அவசரப்படவில்லை. தன் நாலு நிமிடத்தில் ஒன்றரை நிமிடத்தை அதற்கே செலவழித்தார். பலகையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"நீங்களா கேக்கறீங்க. எப்படி மாட்டேங்கறது?" என்று கையை நீட்டினார்.

அக்கா உள்ளே வந்தபோது இரண்டு கைகளும் குலுங்கிக்கொண்டிருந்தன.

டெய்லர்தான் முதலில் பாய்ந்தார். "சுவரு! என்னப்பா இது? ஜெயிச்ச ஆட்டமாச்சே! தைச்சு முடிச்சுப் பொத்தான் மட்டும்தானே பாக்கி!"

"அவர் டிரா கேட்டாரு. எனக்கு நேரம் வேற கம்மி..." என்றான் தம்பி.

சொன்னது அக்காவைப் பார்த்து. நின்றது டாக்டரின் பக்கத்தில். டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேனாவின் மூடியை நிதானமாகத் திருகி மூடினார், சட்டைப் பையில் செருகினார், "உண்மையைச் சொல்லணும்னா நான் தோத்துட்டேன். மாப்பிள்ளை பெரிய மனசு பண்ணிட்டார்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு நகர்ந்தார். போகிற போக்கில் தம்பியின் தோளை இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு பொய்யைப் பிடியில் வைத்திருந்தவருக்கு இப்போது இரண்டு.

தம்பிக்குக் காது மடல்வரை சுட்டது. தரை ஏன் பிளக்கவில்லை என்று கதைகளில் வரும். அவனுக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. வெளியே போய்ச் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ள வேண்டும், அது போதும் என்றிருந்தது.

அக்கா கேப்டன் கையெழுத்துப் போட்டாள். நகர்வுத் தாள்களின் கார்பன் பிரதிகள் நாலையும் வாங்கிக் கோப்பில் வைத்தாள். "பஸ் வந்துடும், வா" என்றாள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. சாயங்கால வெயில் ஒரு பக்கத்து இருக்கைகளில் மட்டும் விழுந்தது. அக்கா ஜன்னலோரம். பக்கத்தில் அவன், இருக்கைக்கு அடியில் அவன் ஹெல்மெட். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஆட்டம் முடிந்து வரும் வழியிலேயே நாலு தாள்களையும் எடுத்து, பலகை இல்லாமல் மனசுக்குள்ளேயே ஆடிப் பார்ப்பாள். டெய்லரின் தாள் முடிந்தது. தன்னுடையது முடிந்தது. அவன் தாளை எடுத்தாள்.

அவள் விரல் நகர்வு நகர்வாக இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது. முப்பத்தைந்து. நாற்பது. விரல் நின்றது.

டிரா கேட்டால், கேட்ட நகர்வுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அதற்குள் ஒரு சமக்குறி எழுத வேண்டும். விதி. நிறையப் பேர் எழுதுவதில்லை. மறந்துவிடுவார்கள், நடுவரும் கண்டுகொள்வதில்லை. தம்பி இருபது வருடமாக ஒரு தடவைகூட மறந்ததில்லை. இன்றைக்கும் கை தன் பாட்டுக்கு எழுதியிருந்தது. கறுப்புக்கான பத்தியில், நாற்பத்தொன்றுக்கு நேராக, கார்பனில் பளிச்சென்று. அடிக்கோடு போட்டு வைத்தாற்போல, கேட்ட நேரத்தையும் பக்கத்தில் குறித்திருந்தான்: பதினோரு நிமிடம் மீதி.

வாய் சொன்ன பொய் கைக்குத் தெரியாமல் போயிற்று, பாவம்.

அக்கா தாளை அவன் பக்கம் திருப்பினாள். "உன் எழுத்துதானே?"

"ஆமா."

"அவர் கேட்டார்னே."

முன் இருக்கையின் கம்பியில் யாரோ சாவியால் கீறியிருந்ததை அவன் பார்த்தான்.

"என்னைப் பாருடா."

பார்க்க முடியவில்லை.

"சரி, பார்க்க வேணாம். கேக்கறதுக்குப் பதில் சொல்லு. நான் வக்கீல்னு வெச்சுக்கோ. அன்னிக்கு நீ என்ன பார்த்தே?"

"கதவு... சாத்தியிருந்துச்சு."

"யார் சாத்தினது?"

"அக்கா, அது... அன்னிக்குக் காத்து மழை ரெண்டுமா... நீயும் கோபத்துல இருந்தே, அவரும்..."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. அக்கா தாளை மடித்தாள். கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலை. அவள் களைத்துப்போயிருந்தாள், மருந்தகத்தில் இரட்டை வேலை பார்த்துவிட்டு வருகிறவளைப் போல.

"இப்பவும் பாதி கொடுக்கறே பாரு" என்றாள்.

அப்போதுதான் உடைந்தது. இருபது வருடமாக யாரும் உடைக்காததை அவனே உடைத்தான். உள்ளங்கைகளை முழங்காலில் அழுத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னான். "அக்கா. நான் ஆறு நாப்பதுக்கு வரலை."

அவள் மடித்த தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

"முன்னாடியே வந்தேன். அவர் கதவைத் திறந்தார். உன் கையைப் பார்த்தேன், கண்ணாடியில. அரை மணி கழிச்சு வான்னார். நான்... சரின்னுட்டேன். கீழ போயிட்டேன். டீ குடிச்சேங்கா. உன்னை அங்க விட்டுட்டு டீ குடிச்சேன். இன்னிக்கு அவர் அதைச் சொல்லிடுவாரோன்னு பயந்துதான்..."

எதிர் வரிசையில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். இனிமேல் யார் பார்த்தால் என்ன?

"ஆறு பத்து" என்றாள் அக்கா.

அவன் நிமிர்ந்தான்.

"பால்கனி ரோட்டைப் பார்த்த பக்கம்டா. உன் வண்டி வந்து நின்னதைப் பார்த்தேன். அப்பாடா, தம்பி வந்துட்டான்னு நினைச்சேன். அப்புறம் நீ கீழ வந்ததையும் பார்த்தேன். கத்தினேன், மழையில உனக்குக் கேக்கலை. டீக்கடை பெஞ்சுல உன் ஆரஞ்சு ஹெல்மெட்டை வெச்சே. அரை மணி நேரம் நான் அதையேதான் பார்த்துட்டு நின்னேன். நீ அதை எப்ப எடுப்பேன்னு."

இரண்டு வருடம். பிறந்தநாள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எத்தனை இடத்தில் எத்தனை பேர், 'உன் தம்பி மட்டும் அன்னிக்கு வரலைன்னா' என்று அவளிடமே சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் "ஆமா" என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவனும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

"ஏங்கா சொல்லலை?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்."

அவள் நிறுத்தம் வந்தது. எழுந்தாள். அவன் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டான். கம்பியைப் பிடித்து நின்றவள், மடித்த தாளை அவன் சட்டைப் பையில் செருகினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது கைக்குட்டையைச் செருகுவாளே, அதே மாதிரி.

"என்கிட்ட சொன்னது எனக்குத் தெரிஞ்சதுதான். புதன்கிழமை அவர் முன்னாடி சொல்லு. ஆறு பத்தையும் சேர்த்துச் சொல்லு."

"சொல்றேன்கா. சத்தியமா..."

"சத்தியம் வேணாம்" என்றாள் அக்கா. பஸ் நிற்பதற்காகக் குலுங்கியது. "பத்தரைக்குக் கூப்பிடுவாங்க. பத்தரைக்கே வா. எதிர்க்கடையில உட்கார்ந்துட்டுப் பதினொண்ணுக்கு வராதே."

படியிறங்கிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. இருக்கைக்கு அடியில் அவன் வேலைக்கும் வெளிக்கும் மாட்டுகிற அதே ஆரஞ்சு ஹெல்மெட் உருண்டு கிடந்தது. மண்டபத்துக்கு வரும்போது டெய்லர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டதால் அதையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். குனிந்து எடுக்கக் கை வரவில்லை. பஸ் வளைவில் திரும்பியபோது அது உருண்டு வந்து அவன் காலில் இடித்தது.